பொய் அழுகைக்கு ஒரு துண்டு முட்டை

"இன்னிக்காவது கொஞ்சம் நல்லா அழு" என்றார் என் கணவர். "நேத்து அழுதது சரியில்ல. சளி புடிச்ச மாதிரி இருந்துச்சு."

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியிருந்தேன். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே படுக்கை விரிப்பு தேய்த்து மடிக்கிற வேலை எனக்கு. கால்கள் வீங்கி, செருப்பு வார் இருந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. அடுப்படியில் நாற்காலி தயாராகப் போட்டிருந்தது. நாற்காலிக்கு எதிரே நாய். நாய்க்குப் பக்கத்தில், அவித்த முட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிய கிண்ணத்தோடு அவர். கல்யாணமான நாளிலிருந்து 'சும்மா சும்மா அழாத' என்று சொல்லிவந்த மனிதர், இந்த மாதம் தினமும் நாற்காலி போட்டு அழச் சொல்கிறார்.

"ஒரு வாய் டீ குடிச்சுக்கிறேனே."

"குடிச்சுக்கிட்டே அழேன்."

டீ குடித்துக்கொண்டே அழுவது எனக்கு இன்னும் கைவரவில்லை. டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். நாய் என்னைப் பார்த்தது, கிண்ணத்தைப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

இந்தக் கூத்து எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் அமரர் ஊர்தி ஓட்டுகிறார். செத்தவர்களை வீட்டிலிருந்து மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி. அதில் அவருக்கு இருக்கிற பெருமை மந்திரிக்குக்கூட இருக்காது. வண்டியைத் தன் கையால் துடைத்தால்தான் அவருக்குத் திருப்தி. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டை நான்கூடத் தேய்க்கக் கூடாது. ஓட்டலில் ஊரார் துணியையெல்லாம் தேய்க்கிறவளுக்கு வீட்டுக்காரர் கோட்டைத் தொட அனுமதி இல்லை. "ஒருத்தரை நூறு பேர் நூறு இடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கடைசி இடத்துக்கு நான்தான்" என்பார். டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் சிந்தாமல் ஓட்டுவாராம். நான் வைத்துப் பார்த்ததில்லை.

நாய் என் அம்மாவுடையது. நான் ஒரே பெண் என்பதால் அம்மாவுக்கு ஒரே மாப்பிள்ளைதான். அந்த ஒருவரும் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்கேயாவது யாராவது செத்திருப்பார்கள். அந்தக் கோபத்தில் அம்மா தெருவில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்து, அதற்குச் 'சின்ன மாப்பிள்ளை' என்று பேர் வைத்தாள். "பெரிய மாப்பிள்ளைக்கு ஊர்ல இருக்கிற பிணமெல்லாம் சொந்தம். சின்ன மாப்பிள்ளைக்கு நான் ஒருத்திதான். கூப்பிட்டா வருது பாரு" என்று அவர் காதுபடவே சொல்வாள். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

போன வருஷம் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து அழுதபோது, நடுவில் படுத்திருந்த சின்ன மாப்பிள்ளை மூக்கை மேலே தூக்கி ஊளையிட்டது. அன்றிலிருந்து அதற்கு அதுவே வழக்கமாகிவிட்டது. டி.வி.யில் அழுதால் கண்டுகொள்ளாது. ஆள் அழுகிற சத்தம் எங்கே கேட்டாலும் அங்கே நின்று கூடவே ஊளையிடும்.

அதை நான் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தனியாக விட்டுப் போனால் கதவைப் பிறாண்டிக் கத்தியது. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா ஒரே வாரத்தில் மேலே ஏறி வந்துவிட்டார். சலவைக்கூடத்துக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. அதனால் என் கணவர் அதைத் தன்னோடு வண்டியில் கூட்டிப் போனார். முன் சீட்டில் அது வருஷக்கணக்காக உட்கார்ந்து பழகியதுபோல ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே ஒருமுறை அதே சீட்டில் போயிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அமரர் ஊர்தியில், அழுகைக்குக் கூடவே பாடுகிற நாய். விளங்குமா? இத்தனை மாதம் வண்டியைத் தள்ளி நிறுத்திச் சமாளித்துவந்தார். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் சாவில், மகன் எழுந்து நாலு நல்ல வார்த்தை பேசிக்கொண்டிருந்தபோது தாயார் வாய்விட்டு அழுதுவிட்டார். வண்டியிலிருந்து சின்ன மாப்பிள்ளை ஆரம்பித்தது. அந்த அம்மா சத்தத்தைக் கூட்ட, இதுவும் கூட்ட, கடைசியில் பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்களாம். மகன் மறுநாளே ஆபீசுக்குப் போன் செய்துவிட்டார்.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. தொழில் பார்க்கிறவர். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள வாயை மூடக் கத்துக்கிட்டா முன் சீட்ல உக்காரட்டும். இல்லன்னா நம்ம மரக் கிடங்குல கட்டிப்போட்டுடு. அங்க காவலுக்கு ஒரு நாய் வேணும்" என்றார். "ரெண்டும் வேணாம்னா நீ பூ வண்டிக்கு மாறிக்கோ. பூவைப் பாத்து யாரும் அழப்போறதில்ல."

பூ வண்டி என்பது மாலைகளையும் மடக்கு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போகும் ஒடுக்கு விழுந்த வேன். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் ஓட்டுவது. இதை வீட்டுக்கு வந்து என் கணவர் பெரிய நகைச்சுவையாகச் சொன்னார். "என்னைப் போய் பூ வண்டி ஓட்டச் சொல்லுது, பாரேன்!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மரக் கிடங்கை நான் பார்த்திருக்கிறேன். முன்பு அங்கே கட்டியிருந்த நாயையும் பார்த்திருக்கிறேன். சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு மண் வட்டமாகத் தேய்ந்திருக்கும், வட்டத்துக்கு நடுவில் அது படுத்திருக்கும். அம்மாவிடமிருந்து எனக்கு மிச்சமாக இருந்த ஒரே உயிர் சின்ன மாப்பிள்ளைதான். அதைச் சங்கிலியில் விட எனக்கு மனம் இல்லை. கோட்டைக் கழற்ற அவருக்கு மனம் இல்லை. ஆகவே நாயின் வாயை மூடுவது என்று முடிவாயிற்று.

அவர் போனில் நாய் பழக்குகிறவர்களின் வீடியோக்களாகப் பார்த்தார். எதைக் கேட்டு நாய் கத்துகிறதோ, அதையே முதலில் மெல்லக் காட்ட வேண்டுமாம். கத்தாமல் இருந்தால் உடனே தின்னக் கொடுக்க வேண்டுமாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டுமாம். போனில் அழுகைச் சத்தம் போட்டுப் பார்த்தார். நாய் போனை முகர்ந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது. அவரே அழுது பார்த்தார். பேட்டரி இறங்கிய லாரியைக் கிளப்புகிற மாதிரி இருந்தது. நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போனது. மிச்சம் இருந்தது நான்.

முதல் வாரம் நான் மூக்கை உறிஞ்சினாலே ஊளைதான். முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை நரம்பு தெரிய. அவர் முட்டைத் துண்டை நீட்டி "உஷ்" என்பார். நாய் ஊளையை நிறுத்திவிட்டு முட்டையைத் தின்னும், தின்று முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு மெல்ல வழிக்கு வந்தது. விசும்பலுக்கு உட்கார்ந்தது. விம்மலுக்கு உட்கார்ந்தது. "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று நான் நெஞ்சில் கைவைத்துக் கத்தினாலும், வாலை ஆட்டியபடி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் நான் அழுதேன், நாய் முட்டை தின்றது.

அவர் டைரக்டர் மாதிரி ஆகிவிட்டார். "இன்னும் கொஞ்சம் மேல போ. இது பக்கத்து வீட்டுக்காரர் செத்த அழுகை. சொந்தத்துல செத்த மாதிரி அழு."

"சொந்தத்துல யாரு?"

"யாரையாவது நெனச்சுக்கோ."

"உங்களை நெனச்சுக்கிறேன்" என்றேன். அன்று அழுகை நன்றாக வந்தது என்று அவரே பாராட்டினார்.

இதற்கிடையில் ஒரு சாயங்காலம் ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்தார். என் கணவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, தினமும் வேலை முடிஞ்சு வந்ததும் அழற சத்தம் கேக்குது. அவர் கை நீட்டுறாரா? எதுனாலும் சொல்லு, நான் இருக்கேன்" என்றார். நாய்க்குப் பழக்குகிறோம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. நான் அழுது காட்டி, நாய் உட்கார்ந்து காட்டிய பிறகுதான் நம்பினார். "நாய் வாலையே நிமித்த முடியாதும்பாங்க. நீங்க வாயையே மூடிட்டீங்களே!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். போகும்போது படியில் நின்று, "ஆனாலும் ஒரு பொம்பளையை தெனம் இப்படி அழவைக்கக் கூடாதும்மா. பொய்யா இருந்தாலும் உடம்பு அதை எடுத்துக்கும்" என்றார். எனக்கு இருந்த அலுப்பில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குப் பொய்யாக அழத்தான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா செத்த அன்று நான் அழவில்லை. யார் அழுவது? டாக்டரிடம் சான்றிதழ் வாங்க, நாற்காலிக்குச் சொல்ல, வந்தவர்களுக்கு டீ கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. 'என் அத்தையை நான்தான் கொண்டுபோவேன், வேற எவன் கையிலயும் விடமாட்டேன்' என்று அவர் எத்தனையோ முறை அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். அம்மாவும், "அதுக்காவது நேரத்துக்கு வாங்க மாப்ளே" என்பாள். அன்று விடிந்ததும் வெளியூருக்கு ஒரு சவாரி, வேறு ஆள் இல்லை, மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று போனார். பாலத்தில் ஏதோ லாரி கவிழ்ந்து வழி அடைத்துவிட்டது. அம்மாவை ஒல்லி என்கிற இன்னொரு டிரைவர், அலுவலகத்தின் இன்னொரு வண்டியில் கொண்டுபோனான். பெரிய மாப்பிள்ளை வரவில்லை. சின்ன மாப்பிள்ளை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கடைசிவரை போயிற்று. எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பும்போது அவர் கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் "சாப்டீங்களா?" என்று கேட்டேன். அவர் "சாப்டேன்" என்றார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் என்னைப் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது.

மாதக் கடைசியில் முதலாளியம்மா நாயைப் பார்க்க வேண்டும் என்றார். "சாவு வீட்ல வச்சு சோதிச்சுப் பாக்க முடியாது. ஷெட்டுக்குக் கூட்டிட்டு வா. உன் வீட்டம்மாதானே பழக்குது, அதையும் வரச் சொல்லு."

எனக்கு வார விடுமுறை நாள். கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டியவள், முதலாளியம்மா முன்னால் அழுவதற்காக இரண்டு பஸ் மாறிப் போனேன். நாய் முன்பே என் கணவரோடு வண்டியில் போயிருந்தது. ஷெட்டில் முதலாளியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி சுவரோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். என் கணவர் கோட்டு, டை எல்லாம் போட்டு, கையில் முட்டைக் கிண்ணத்தோடு நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"நிஜத்துல எப்படி நடக்குமோ அப்படியே வைங்க" என்றார் முதலாளியம்மா. அதனால் நாயை முன் சீட்டில் உட்காரவைத்து ஜன்னலை இறக்கினார்கள். வண்டியின் பின்கதவைத் தூக்கித் திறந்தார்கள். அழுகிற சொந்தக்காரர் நிற்கிற இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், என்னை நிறுத்தினார்கள். எதிரில் அந்த நீளமான தட்டு, உள்ளே தள்ளுவதற்கான உருளைகள், அதன் மேல் ஒரு வெள்ளை விரிப்பு.

"அக்கா, உங்க அம்மாவைக் கொண்டு போனது இந்த வண்டிதான்" என்றான் ஒல்லி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னான். "அப்போ இதை நான் ஓட்டிக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் அண்ணன் கேட்டு மாத்திக்கிட்டார். அன்னிக்கு முன் சீட்ல இருந்த நம்மாளு வழி பூரா பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தான்."

எனக்கு இது தெரியாது. என் கணவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிம்மா" என்றார் முதலாளியம்மா.

ஆரம்பித்தேன். வழக்கம்போல மூக்கை உறிஞ்சி, அப்புறம் விசும்பி, அப்புறம் தோளைக் குலுக்கி. நாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தது, அவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தது, சீட்டில் நேராக உட்கார்ந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன். "ஐயோ" போட்டேன். நெஞ்சில் கைவைத்தேன். சின்ன மாப்பிள்ளை இம்மியும் அசையவில்லை.

"அட, பரவாயில்லையே!" முதலாளியம்மா சிரித்தார். "போதும்மா, போதும். வண்டிலயே இருக்கட்டும்."

முடிந்தது. நான் கையை எடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். தட்டின் மேல் இருந்த விரிப்பின் ஒரு மூலை கசங்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நாள் பூராவும் அதே வேலை செய்கிற கை, சும்மா இருக்குமா? மூலையைப் பிடித்து இழுத்து, முக்கோணமாக மடித்து, அடியில் செருகினேன். ஓட்டலில் ஆள் குறைந்த நாட்களில் கட்டிலுக்கு நான் அப்படித்தான் செருகுவேன். செருகும்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று அம்மாவுக்கும் அப்படித்தான் செருகினேன். இதே தட்டில், இதே மூலையில். யாரோ முன்பின் தெரியாத விருந்தாளியின் கட்டிலுக்குச் செய்கிற மாதிரி, சுருக்கம் இல்லாமல் நீவி, மூலையைச் செருகிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அம்மாவின் காலை ஒருமுறை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தது நாய்.

என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அப்போது முன் சீட்டிலிருந்து சின்ன மாப்பிள்ளை ஊளையிட்டது. முகத்தை மேலே தூக்கி, ஷெட்டின் தகரக் கூரை அதிர, அம்மா செத்த அன்று ஊளையிட்ட அதே ஊளை. இத்தனை நாள் அது வாயை மூடக் கற்றுக்கொள்ளவே இல்லை. நான் அழுவது பொய் என்பதைத்தான் கற்றுக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது? இப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" முதலாளியம்மா எழுந்துவிட்டார்.

என் கணவர் பழக்கதோஷத்தில் ஒரு துண்டு முட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். "உஷ்" என்று சொல்ல வாயைக் குவித்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். முட்டை கையிலேயே இருந்தது.

"அது தப்புப் பண்ணலம்மா" என்றார் மெதுவாக. "இத்தனை நாளா இவ பொய்யா அழுதா. இப்பதான் நிஜமா அழறா."

"நிஜமா அழறவங்க நடுவுலதானேப்பா நமக்கு வேலை?" முதலாளியம்மா கோபமாகச் சொல்லவில்லை. "நான் என்ன பண்றது சொல்லு. நாளைக்கு கிடங்குல விட்டுடு. வேளாவேளைக்குச் சோறு போடச் சொல்றேன்."

நாய் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. நிறுத்து என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அவர் கிண்ணத்தை வண்டியின் மேல் வைத்தார். பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து முதலாளியம்மாவிடம் நீட்டினார்.

"பூ வண்டிச் சாவியைக் குடுங்கம்மா."

"நல்லா யோசிச்சுக்கோ. இதுக்கு ஒல்லியைப் போட்டுடுவேன். திரும்ப வேணும்னா கிடைக்காது."

"தெரியும்" என்றார். கோட்டைக் கழற்றினார். கழற்றி உதறி, தோள் மடிப்பை நீவிவிட்டு, ஒல்லியிடம் கொடுத்தார். "உனக்கு லூசா இருக்கும். தச்சுப் போட்டுக்கோ. தேய்க்கும்போது மேல ஒரு துணி போட்டுத் தேய்." ஒல்லி டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான்.

அப்புறம் ஜன்னலுக்குள் கையை நீட்டி நாயின் தலையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், நாயிடம் சொல்வது போலச் சொன்னார்:

"அன்னிக்கு நான் ஓட்டியிருக்கணும். அந்தச் சவாரியை நான் எடுத்திருக்கக் கூடாது."

ஒரு வருஷம் ஆகியிருந்தது. இதைக் கேட்டதும் என் மனசு குளிர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. இதை அன்றைக்கே வாசலில் நின்று சொல்லியிருந்தால் என்ன? ஆனால் திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை. அவருடைய சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பூ வண்டியில் திரும்பினோம். வாடிய இலை நாற்றம். பின்னால் மடக்கு நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. கியரைப் போடும்போதெல்லாம் வண்டி தூக்கிப் போட்டது. தண்ணீர் சிந்தாமல் ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தார். சின்ன மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதன் சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு இன்னும் விம்மல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விம்மலுக்கும் அது காதை மட்டும் தூக்கிப் பார்த்தது.

முட்டைக் கிண்ணம் என் மடியில் இருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்து நாய்க்குக் கொடுத்தார். இன்னொரு துண்டை எடுத்தார். எதிரே விளக்கைப் பார்த்தபடியே அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வாங்கித் தின்றேன்.